ஓர்

இரவு ஒன்பதரைக்கு நகைக்கடை சாத்தியதும்
விற்பனைப் பெண்கள் திரைக்குப் பின்னால்
ஒவ்வொருத்தியாக வருவார்கள்.
கையத் தூக்கும்மா. திரும்பு.
தோளிலிருந்து கணுக்கால்வரை என் குச்சி இறங்கும்.
ஊக்குக்குக் கத்தும், உள்பாடிக் கொக்கிக்குக் கத்தும்,
வேறெதற்கும் கத்தாவிட்டால்
அன்றைக்கு எல்லோரும் யோக்கியம்.
ஏழு வருஷமாய்
வந்துவிடக் கூடாதே என்று நான் பயந்த சத்தம் அது.

அதே சத்தத்துக்காகத்தான் இப்போது
வைத்திக்குப்பத்து ஈர மணலில்
காதைத் தீட்டிக்கொண்டு நடக்கிறேன்.
செவ்வாய் வெறுவாய் என்பார்கள்.
எனக்கு விடுமுறை அன்றைக்குத்தான்.

மாசிமகம் முடிந்து மூன்றாம் நாள்.
சாமிகள் அவரவர் ஊருக்குத் திரும்பியாயிற்று.
முங்கி எழுந்தவர்களின் விரலும் காதும் விட்டுப்போனது
மண்ணுக்குள் கிடக்கும் என்று சொன்னவன் அந்துவான்,
சொல்தா வீட்டுப் பிள்ளை.
பிரான்சுக்கு விமானம் ஏறுமுன்
ஆறாயிரத்துக்கு என் தலையில் கட்டிய மெஷின் இது.
திரையில் எல்லாம் அவர்கள் பாஷை.
ஃபேர் என்றால் இரும்பு. ஓர் என்றால் பொன்.
உயிரெழுத்துக்கு முன்னால் 'ஓர்' போடத் தெரியாமல்
ஆறாம் வகுப்பில் முட்டி போட்டவள் நான்.
இப்போது அந்த ஒரு சொல்
திரையில் மின்னுமா என்று
குனிந்தே நடக்கிறேன்.

முதல் வாரம் கடலே கத்தியது.
உப்புத் தண்ணீரும் உலோகம் மாதிரி பேசுமாம்.
வட்டத்தைத் தூக்கி இறக்கி, தூக்கி இறக்கி
மண்ணோடு அதைப் பழக்க வேண்டும்,
புதுக் கன்றை மடிக்குப் பழக்குவதுபோல.
இரண்டாம் வாரம் பீர் மூடி. இருபத்துமூன்று.
இது புதுச்சேரி, வேறென்ன கிடைக்கும்?
எரிச்சலில், குப்பை வேண்டாம் என்று பொத்தானை அழுத்தினேன்.
கரை முழுக்க மௌனம். நிம்மதி.
வீட்டுக்கு வந்து
என் மோதிரத்தைக் கழற்றித் தரையில் வைத்துப் பார்த்தேன்.
அதற்கும் மௌனம்.
பீர் டின்னின் காதுக்கும் பொன்னுக்கும்
இதனிடம் ஒரே குரல்.
ஒன்றின் வாயைப் பொத்தினால் மற்றதும் பேசாது.
அன்றிலிருந்து எல்லாவற்றையும் தோண்டுகிறேன்.

'என்னக்கா, பாம் வச்சிட்டானுங்களா?'
வலையை உதறிக்கொண்டே தேசிங்கு கேட்டான்.
அப்புறம் குரலைத் தாழ்த்தி,
'வண்டி சாவி ஒண்ணு விழுந்துடுச்சு,
போட்டைத் தள்ளும்போது. பாக்குறியா?'
ஒரு முழம் ஆழத்தில், நைலான் கயிற்றுச் சிக்கலுக்குக் கீழே
இரும்பென்று உறுமியது.
கேரி பேக்கில் ஒன்பது கவளை கொடுத்தான்.
மெஷின் சம்பாதித்த முதல் வருமானம்.
அதைக் கரைச்சுவர்மேல் வைத்துவிட்டு
காக்கையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே தேடினேன்.

திதி கொடுக்கிற இடத்தில், எள்ளும் மணலும் கலந்து கிடந்த பக்கம்
மெல்லிசாய் ஒரு குரல்.
மறுபடி. மூன்றாம் தடவை இல்லை.
ஒரு கை மண்ணை அள்ளி இரண்டாகப் பிரித்து
வட்டத்தின்மேல் காட்டினேன்.
பேசிய பாதியை மறுபடி பாதியாக்கி,
கடைசியில் ஒரு சிட்டிகை.
திருகாணி.
தோடு இல்லை. வெறும் திருகாணி.
எட்டு மணிவரை சுற்றிலும் உழுதேன், தோடு இல்லை.
எந்த ஊரிலோ ஒருத்தி
காதில் ஈர்க்குச்சி செருகிக்கொண்டு
வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருப்பாள்.

புதன் இரவு.
எல்லோரையும் சோதித்து அனுப்பியபின்
என்னைச் சோதிப்பவள் மரகதவல்லி.
கையைத் தூக்கிய பிறகுதான்
சட்டைப்பையில் அது இருக்கிற ஞாபகம்.
எங்கே கிடைத்தது என்றால் யார் நம்புவார்கள்?
கடல் வந்து சாட்சி சொல்லுமா?
குச்சி தோளில் இறங்கியது. பையைத் தாண்டியது.
இடுப்பு. முழங்கால். கணுக்கால்.
சத்தமில்லை.
அவ்வளவு சின்னது.

'போக்கா' என்றாள்.
நான் போகாமல் நின்றேன்.
ஏழு வருஷத்து வரிசை
ஒவ்வொருத்தியாகக் கையைத் தூக்கி
என் முன்னால் திரும்பிக்கொண்டிருந்தது.